வீட்டுச் சொல்லும் ஆட்சிச் சொல்லும்: ‘வெர்னாகுலர்’ என்னும் பெயரடையின் வரலாறு

மலேசியாவில் கல்வி குறித்து எழும் விவாதங்களில் தவறாமல் இடம்பெறும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது ‘வெர்னாகுலர்’ என்னும் பெயரடை. மலாய்மொழியும் அதனைச் சிறிது ஒலி மாற்றித் தனதாக்கிக்கொண்டுள்ளது. சீனப்பள்ளிகளையும் தமிழ்ப்பள்ளிகளையும் ஒருசேரக் குறிக்க நாளேடுகளும் அரசியல் மேடைகளும் இச்சொல்லையே எடுத்தாளுகின்றன. தமிழில் நாம் அதனைத் ‘தாய்மொழிப் பள்ளி’ என்று பெயர்த்து வழங்குகிறோம். பெயர்ப்பு இனிமையானது, பொருத்தமானது போலவும் தோன்றுகிறது. ஆயினும், தேசியப் பள்ளியில் மலாய் மாணவர் பயில்வதும் தம் தாய்மொழியில்தானே? அப்பள்ளியை எவரும் ‘வெர்னாகுலர்’ என்று அழைப்பதில்லையே? இவ்வினாவை எழுப்பிய உடனேயே, மூலச்சொல்லும் நம் பெயர்ப்பும் ஒன்றல்ல என்பது புலனாகிறது.

ஓர் அடைமொழியின் வரலாற்றை ஆராய்வது சொல்லாராய்ச்சி மட்டுமாக நின்றுவிடாது. அவ்வடை எவற்றின்மேல் ஏற்றப்பட்டது, எதன்மேல் ஏற்றப்படாமல் விடப்பட்டது என்று பார்த்தால், ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் கண்முன் வந்து நிற்கும். பேராக் மாநிலத்தின் பள்ளிகளைச் சான்றாகக் கொண்டு அதனை இவ்வுரையில் காண முற்படுவோம்.

சொல்லின் பிறப்பு

இப்பெயரடை இலத்தீன் மொழியில் பிறந்தது. ‘வெர்னா’ என்பது அம்மொழியில் எசமானின் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிக்கும் பெயர்ச்சொல். உரோமானியச் சட்டத்தின்படி அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை அத்தாயை உடைமையாகக் கொண்டவருக்கே உரியது. போரில் சிறைப்பட்டோ சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டோ வந்த அடிமை அயலான்; அவன் நாவில் வேறொரு மொழி இருக்கும். ‘வெர்னா’வோ அவ்வீட்டின் பேச்சையும் பழக்கத்தையும் பிறப்பு முதலே அறிந்தவன். அதனால் அவனுக்குச் சற்றுச் சலுகையும் இருந்தது. துடுக்காகப் பேசுபவன் என்ற பெயரும் இருந்தது. அவன் அவ்வீட்டைச் சேர்ந்தவன். ஆனால் அவ்வீடு அவனுக்கு உரியதன்று. இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இந்த இரட்டை நிலையே வித்து எனலாம்.

இப்பெயர்ச்சொல்லிலிருந்து ‘வெர்னாகுலுஸ்’ என்னும் பெயரடை தோன்றியது. அதன் பொருள் விரைவில் விரிந்தது. வீட்டில் விளைந்தது, உள்ளூரில் தோன்றியது, அயலிலிருந்து வாராதது ஆகிய எல்லாவற்றுக்கும் அது அடையாயிற்று. கி.மு. 116 முதல் கி.மு. 27 வரை வாழ்ந்த உரோமானிய அறிஞர் வாரோ, இலத்தீன் மொழி பற்றித் தாம் இயற்றிய நூலில், நீர்வாழ் உயிரினங்களின் பெயர்களைக் குறிப்பிடும்போது அவற்றுள் சில உள்நாட்டுச் சொற்கள் என்றும் சில அயற்சொற்கள் என்றும் பிரிக்கிறார். உள்நாட்டுச் சொற்களுக்கு அவர் தரும் அடை இதுவே. அங்கே இந்த அடையைப் பெறும் மொழி இலத்தீன் என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பேரரசின் மொழியே தன் சொந்தச் சொற்களை இவ்வாறு அழைத்துக்கொண்டது. அதில் இழிவு எதுவும் இல்லை.

இதே பணியைத் தமிழ் இலக்கணம் எவ்வாறு செய்தது? தொல்காப்பியத்தின் எச்சவியல், செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. உள்ளூர்ச் சொல்லையும் வெளியிலிருந்து வந்த சொல்லையும் பிரிக்கும் தேவை வாரோவுக்கு இருந்ததுபோலவே தொல்காப்பியருக்கும் இருந்தது. ஆனால் உள்ளூர்ச் சொல்லுக்குத் தமிழ் தேர்ந்த பெயர் ‘இயல்’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. இயல்பாக அமைந்தது என்பதே அதன் கருத்து. அதில் வீட்டுக்கு உரியவர், வீட்டில் ஏவல் செய்பவர் என்ற உறவு எதுவும் கலக்கவில்லை. வாரோவின் காலத்திலும் அதற்கு முன்பும் தமிழகத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. எனவே, இலத்தீன் தன் வீட்டுச் சொல்லுக்குப் பெயர் சூட்டிய நாளில் தமிழ் எழுத்து வழக்குடைய மொழியாகவே விளங்கியது.

ஒரு சொல்லின் பிறப்பே அதன் பொருளாகிவிடாது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். முற்காலத்தில் ‘நாற்றம்’ நறுமணத்தைக் குறித்தது, இன்று அப்படியில்லை. ‘களிப்பு’ ஒருகாலத்தில் கள்ளுண்டு மயங்குதலைக் குறித்தது. இன்று அது மகிழ்ச்சி. ஆகவே, ‘வெர்னாகுலர்’ அடிமையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பதனால் மட்டுமே அது இழிசொல் என்று முடிவு கட்டுவது முறையாகாது. அதன் பின்னைய பயன்பாட்டைக் கண்டே தீர்ப்புக் கூறவேண்டும்.

ஆங்கிலத்தில் பெற்ற பொருள்கள்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இச்சொல் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. அப்போது அது பெரும்பாலும் இலத்தீனுக்கு எதிர்நிலையில் நின்றது. திருச்சபையும் பல்கலைக்கழகமும் இலத்தீனில் இயங்கிய ஐரோப்பாவில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய அனைத்துமே வீட்டுமொழிகள். இங்கிலாந்தில் இன்னொரு தடையும் இருந்தது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் வென்றபின் சட்டமும் அரசவையும் பிரெஞ்சுமொழியின் வயப்பட்டன. வழக்காடுவோருக்குத் தம் வழக்கே விளங்கவில்லை என்ற காரணத்தால், 1362ஆம் ஆண்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு! தன் வீட்டிலேயே ஆங்கிலம் பணியாளாக நின்ற காலம் அது. இத்தாலியில் 1300களின் தொடக்கத்தில் தாந்தே, குழந்தை இலக்கணம் எதுவும் கல்லாமல் தன்னை வளர்ப்போரிடமிருந்து கேட்டுப் பழகும் பேச்சே உயர்ந்தது என்று வாதிட்டார். அவ்வாதத்தை எழுத அவருக்கும் இலத்தீன்தான் தேவைப்பட்டது.

காலப்போக்கில் ஆங்கிலத்தில் இப்பெயரடை பல துறைகளுக்குள் புகுந்தது. பழைய மருத்துவ நூல்களில் ஒரு வட்டாரத்துக்கே உரிய நோய்க்கு அது அடையாயிற்று. அவ்வழக்கு இன்று மறைந்துவிட்டது. தாவரவியலில் அறிவியற் பெயருக்கு எதிராக மக்கள் வழங்கும் பெயரை அது சுட்டும். ‘ஹெவியா பிரசிலியென்சிஸ்’ என்பது அறிவியற் பெயர். நம் தோட்டத்து மக்கள் வழங்கிய ‘பால்மரம்’ மக்கட்பெயர். கட்டடக் கலையில், வரைபட வல்லுநர் இன்றி அவ்வூர் மண்ணையும் மரத்தையும் கொண்டு அவ்வூரார் எழுப்பும் வீட்டுமுறையை அது குறிக்கும். சமூக மொழியியலில், தன் பேச்சைத் தானே கண்காணிக்காமல் ஒருவர் இயல்பாகப் பேசும் நடையை வில்லியம் லபோவ் இச்சொல்லால் சுட்டினார். இத்துறைகள் அனைத்திலும் இது பெருமைக்குரிய சொல்லாகவே விளங்குகிறது. உள்ளூர் அறிவு, இயல்பு, பட்டறிவு ஆகியன அதன் சாயல்கள்.

அவ்வாறாயின் பள்ளிக்கு முன் வரும்போது மட்டும் அதன் சாயல் ஏன் மாறுகிறது? விடை காலனிய ஆட்சியில் இருக்கிறது.

ஆட்சியின் அடைமொழி

கப்பலேறி ஆசியாவுக்கு வந்த ஆங்கிலம், தாயகத்தில் இலத்தீனும் பிரெஞ்சும் வகித்த இடத்தை இங்கே தான் எடுத்துக்கொண்டது. வீட்டுமொழி என்னும் அடையைத் தன் தோளிலிருந்து இறக்கி, ஆளப்பட்ட மக்களின் மொழிகள்மேல் ஏற்றியது. 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் இந்தியாவுக்கு அனுப்பிய கல்வி அறிக்கை, உயர்கல்விக்கு ஆங்கிலம், பெருந்திரளான மக்களின் கல்விக்கு ‘வெர்னாகுலர்’ மொழிகள் என்று வகுத்தது. மக்கள்மொழியில் கல்வி என்பது நல்ல கொள்கையே. ஆயினும் எந்தப் படிவரை எந்த மொழி என்ற வரம்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

1878ஆம் ஆண்டு லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இவ்வடை ஒரு தண்டனைச் சட்டத்தின் வழக்குப் பெயரிலேயே இடம்பெற்றது. கீழைநாட்டு மொழிகளில் வெளிவந்த இதழ்களின் அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைத்தொகை கோரவும் அச்சு இயந்திரத்தைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. வங்கமும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த ‘அம்ருத பசார் பத்திரிகா’, சட்டம் பிறந்த சில நாள்களுக்குள் முழு ஆங்கில இதழாக மாறித் தப்பித்துக்கொண்டது. அச்சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில், 1882இல் நீக்கப்பட்டது. ஒரே ஆசிரியர், ஒரே அச்சகம், ஒரே கருத்து. மொழி மாறியவுடன் சட்டத்தின் பிடி அகன்றது. இவ்வடைமொழி இப்போது ஒரு மொழியின் இயல்பை விளக்கவில்லை. அம்மொழி நிற்க வேண்டிய படியைக் காட்டியது.

பேராக்கில் மூன்று மொழிகள், ஓர் அடை

பேராக் மாநிலத்தில் இப்படிவரிசையைத் தெளிவாகக் காணலாம். 1877ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ, கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் பெருகியபோது ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. சுங்கை சிப்புட், பத்து காஜா, பாகான் செராய், சுங்கை, பீடோர் வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியமர்ந்தனர். ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

அக்காலத்தில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் கல்வி இரண்டு பெரும் பிரிவாக இருந்தது. ஒன்று, ஆங்கிலப்பள்ளி. ஈப்போவில் 1895இல் தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளி, 1909இல் தொடங்கிய ஆண்டர்சன் பள்ளி, 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளி ஆகியவை இவ்வகையின. அவை நகரத்தில் இருந்தன, கட்டணம் வாங்கின, அரசுப் பணிக்கும் வணிக நிறுவனங்களின் எழுத்தர் வேலைக்கும் வழி திறந்தன. மற்றொன்று, ‘வெர்னாகுலர்’ பள்ளி. மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றும் இப்பெயரின் கீழ் அடங்கின. இதனை இன்றைய மாணவர் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். அன்று மலாய்மொழியும் இவ்வடையைச் சுமந்தது.

மலாய்க் கல்விக்குள்ளேயே இருந்த வேறுபாட்டைப் பேராக்கின் இரண்டு நிறுவனங்கள் காட்டுகின்றன. 1905இல் கோலகங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரி, அரச குடும்பத்தாரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கற்பித்தது. 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய்த் தொடக்கப்பள்ளிகளுக்கான ஆசிரியர்களை உருவாக்கியது. ஆட்சியாளர் அப்பள்ளிகளிடம் எதிர்பார்த்தது சிறிதே. மீனவர் மகனும் உழவர் மகனும் தந்தையைவிடச் சற்று அறிவுடைய மீனவராகவும் உழவராகவும் ஆனால் போதும் என்ற கருத்தை 1920ஆம் ஆண்டின் கூட்டரசு மலாய் மாநிலங்களின் அறிக்கை வெளிப்படையாகவே கூறியது. ஆனால் தஞ்சோங் மாலிமில் நிகழ்ந்தது வேறு. ஸஅபா போன்ற அறிஞர்கள் அங்கே மலாய் நூல்களை மொழிபெயர்த்தனர். இலக்கணத்தைச் செப்பம் செய்தனர். அங்குப் பயின்ற இப்ராகிம் யாக்கோப் 1938இல் மலாய் இளைஞர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். ‘வீட்டுமொழி’ ஆசிரியர்களுக்காக எழுந்த கல்லூரி, நாட்டுமொழியின் கருவறையாயிற்று. அக்கல்லூரியே இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து, தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டப்படிப்பை வழங்கி வருகிறது.

தமிழ்ப்பள்ளியின் பாதை கரடுமுரடானது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஒரு தோட்டத்தில் இருந்தால் அங்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தியது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் அப்பொறுப்பு கல்வித்துறையின் சட்டத்தில் அன்று, தொழிலாளர் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, மருந்தகம் ஆகியவற்றின் வரிசையில் பள்ளியும் ஒரு வசதியாக வைக்கப்பட்டது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தனர். ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. தொடக்கக் கல்விக்குப் பின் மேலே செல்லத் தமிழில் இடைநிலைப்பள்ளி இல்லை. ஆங்கிலப்பள்ளியோ நகரத்தில் இருந்தது. பால்மரத்தடியிலிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளை மீண்டும் பால்மரத்தடிக்கே திரும்பும் வகையில் அக்கல்வி முடிந்தது.

தோட்டத் தொழிலாளி உரோமானிய அடிமை அல்லர். சம்பளத்துக்கு வேலை செய்தவர். இவ்வேறுபாட்டை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. இருப்பினும், குடியிருந்த வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். அவ்விடத்தில் பிறந்து, அவ்விடத்துப் பேச்சில் வளர்ந்து, அவ்விடத்துக்கு உரிமை இல்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ‘வெர்னாகுலர்’ என்ற பெயர் வாய்த்தது. பெயர் சூட்டியவர் இலத்தீன் வேர்ப்பொருளை எண்ணிச் சூட்டவில்லை. எண்ணாமலே அது பொருந்தி நின்றதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அப்பள்ளிகளை மக்கள் தம் பள்ளிகளாக ஆக்கிக்கொண்டதும் அதே வரலாற்றின் பகுதியாகும். ஈப்போ நகரிலுள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: அரசினர் தமிழ்ப்பள்ளி, செட்டியார் தமிழ்ப்பள்ளி, செயின்ட் பிலோமினா தமிழ்ப்பள்ளி, பேராக் சங்கீத சபா தமிழ்ப்பள்ளி. அரசு, வணிகச் சமூகம், கிறித்துவச் சமயத்தார், இசை வளர்த்த சபை எனப் பலருடைய கைகள் அப்பெயர்களில் தெரிகின்றன. சுங்கை சிப்புட்டில் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். ‘கலாசாலை’ என்ற பெயரைத் தேர்ந்தவர்கள் தம் பள்ளியைத் தோட்டத்து வசதிகளுள் ஒன்றாகக் கருதவில்லை என்பது வெளிப்படை.

அடை மாறியது, இடம் மாறவில்லை

1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, ‘வெர்னாகுலர்’ பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீனரும் தமிழரும் தத்தம் மொழிக்கல்வி மறையும் என அஞ்சினர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, பொதுவான பாடத்திட்டத்தின் கீழ் வெவ்வேறு மொழிப்பள்ளிகள் இயங்கலாம் என்னும் இணக்கத்தைக் கண்டது. அதன்படி எழுந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழைய அடை இல்லை. மலாய்மொழியில் கற்பிப்பது பொதுத் தரப்பள்ளி. ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகியவற்றில் கற்பிப்பது பொதுத் தர ‘வகை’ப் பள்ளி. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் அவை தேசியப் பள்ளி, தேசிய ‘வகை’ப் பள்ளி என்று வழங்கலாயின. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் இப்பெயரைத் தொடர்கிறது. நம் பள்ளி வாயிலில் உள்ள பலகையில் ‘ஜெனிஸ்’ என்னும் மலாய்ச்சொல் குறிப்பது இந்த ‘வகை’யைத்தான்.

இவ்விரண்டு அடைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோம். காலனிய ஆட்சியில் ‘வெர்னாகுலர்’ என்ற அடையை மலாய், சீனம், தமிழ் ஆகிய மூன்றும் பெற்றன, ஆங்கிலம் பெறவில்லை. விடுதலைக்குப்பின் ‘வகை’ என்ற அடையை ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மூன்றும் பெற்றன, மலாய் பெறவில்லை. ஒவ்வொரு முறையும் எந்த மொழி ஆட்சியின் மொழியோ அதற்கு அடை தேவைப்படவில்லை. 1970ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கில வகைப்பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. ஆகவே, இரண்டாம் அடையிலும் எஞ்சியவை சீனமும் தமிழுமே. சட்டத்திலிருந்து நீங்கிய முதல் அடையும் பொதுப்பேச்சில் இவ்விரண்டின்மேல் மட்டும் தங்கிவிட்டது. மலாய்மொழி அதிலிருந்து விடுபட்டது அதன் இயல்பு மாறியதால் அன்று. அதன் இடம் மாறியதால். ஆங்கிலம் இங்கிலாந்தில் விடுபட்டதும் அவ்வாறே.

நாம் இவ்வுரையில் நிறுவ விழைவது இதுவே: ‘வெர்னாகுலர்’ என்பது எந்த மொழிக்கும் உரிய பண்பைக் குறிக்கும் சொல் அன்று. இருமொழிகளுக்கு இடையிலான உறவைக் குறிக்கும் சொல். ‘இளைய’ என்பது போன்றது அது. யாரை நோக்க இளையவர் என்று கேட்டால்தான் பொருள் முடியும். தமிழையே எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. அதே ஆண்டில் மலேசியாவில் அம்மொழிப் பள்ளிகள் ‘வெர்னாகுலர்’ பள்ளிகளாகவே பேசப்பட்டன. மொழி ஒன்றே, பார்க்கும் இடம் இரண்டு. இந்திய மொழிகளின் வரலாற்றை எழுதிய ஷெல்டன் போலக் போன்ற ஆய்வாளர்கள், உலகளாவிய மொழிகளுக்கும் வட்டார மொழிகளுக்கும் இடையிலான உறவை ஆராய இச்சொல்லையே கலைச்சொல்லாகக் கொண்டனர். அங்கும் அது உறவையே குறிக்கிறது.

நீதிமன்றத்தில் எழுந்த வினா

இவ்வடைமொழி அண்மையில் நீதிமன்றத்தின் முன்னும் வந்து நின்றது. சீன, தமிழ்ப் பள்ளிகள் அந்தந்த மொழியில் கற்பிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசியமொழியாக நிறுவுகிறது. அதே பிரிவு, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது.

ஒரு பள்ளியை நாம் எப்பெயரால் அழைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. ‘தேசிய வகை’ என்ற சட்டப்பெயரில் ‘தேசிய’ என்னும் சொல் முன்னிற்கிறது. அப்பள்ளி நாட்டின் கல்வி அமைப்புக்கு உள்ளே இருப்பதை அது அறிவிக்கிறது. ‘வெர்னாகுலர்’ என்ற வழக்குப்பெயரில் அச்சொல் இல்லை. கேட்போர் மனத்தில் அப்பள்ளி வீட்டுக்குள் ஒடுங்கியதாக, நாட்டுக்கு வெளியே நிற்பதாகத் தோன்றுவதற்கு இடம் உண்டாகிறது. விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டத் துண்டாடலும் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் அவ்வெண்ணைக் குறைத்தன. இன்று நாட்டில் உள்ளவை ஏறத்தாழ 530. அவற்றுள் 130க்கும் மேற்பட்டவை பேராக்கில் உள்ளன; வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றுள் பல, எல்பில் தோட்டம், கிந்தா வேலி தோட்டம் எனத் தோட்டத்தின் பெயரையே இன்னும் தாங்கியுள்ளன.

பள்ளிக்குள் இன்னொரு வீட்டுமொழி

இவ்வுறவு தமிழுக்குள்ளேயும் உண்டு. தோட்டத்து மக்கள் தம் வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்வளத்தை உருவாக்கினர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம் ‘பெரட்டு’. மரத்தில் வடியும் பாலை ஏந்துவது ‘மங்கு’. வாளிகளைத் தோளில் சுமக்க உதவுவது ‘காண்டா’. எழுத்தர் ‘கிராணி’, வரிசை வீடு ‘லயம்’, தோட்டமே ‘தீம்பார்’. ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகியவை ஒரு தொழிலின் தேவைக்காகக் கூடிப் பிறந்த சொற்களும் இவற்றுள் உண்டு. லபோவ் கூறிய பொருளில் உண்மையான ‘வெர்னாகுலர்’ இதுதான்.

ஆனால் வகுப்பறையில் இச்சொற்களுக்கு இடமில்லாமல் போயிற்று. எழுத்துத்தமிழே செம்மையானது, தோட்டத்துப் பேச்சு கொச்சையானது என்ற பிரிவு நிலைபெற்றது. ஆங்கிலம் தமிழைப் பார்த்த பார்வை, பள்ளித்தமிழ் தோட்டத்துத் தமிழைப் பார்த்த பார்வையிலும் சிறிது படிந்துவிட்டது. மாணவருக்கு எழுத்துத்தமிழைச் செம்மையாகக் கற்பிப்பது ஆசிரியர் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும், தொல்காப்பியமே உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் இணையாக வைத்து இலக்கணம் கூறுகிறது. தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட இந்நாளில், மங்கையும் காண்டாவையும் கையாண்ட தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அச்சொற்களை அவர்களிடம் கேட்டுத் தொகுக்கும் பணியை மாணவர்களால் இன்று செய்ய இயலும். பத்தாண்டு கழித்து இயலுமா என்பது ஐயமே.

தமிழில் எவ்வாறு பெயர்ப்பது?

மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இச்சொல் நல்லதொரு பயிற்சி. அகராதியில் ஒரு சொல்லைத் தேர்ந்து எல்லா இடத்திலும் வைத்தால் பொருள் சிதையும். 1878ஆம் ஆண்டின் சட்டத்தையே தமிழ் நூல்கள் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம், வட்டாரமொழிப் பத்திரிகைச் சட்டம், தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் என்று பலவாறு பெயர்த்துள்ளன. மூன்று பெயர்ப்பும் மூன்று பார்வைகள். ‘நாட்டுமொழி’ அயலாட்சிக்கு எதிரே நாட்டை நிறுத்துகிறது. ‘வட்டாரமொழி’ மையத்திலிருந்து நோக்கி அம்மொழியை ஓரத்தில் வைக்கிறது. ‘தாய்மொழி’ பேசுவோர் பக்கத்தில் நின்று உரைக்கிறது.

ஆகவே, துறையறிந்து பெயர்த்தலே தக்கது. தாவரவியலில் ‘மக்கட்பெயர்’ அல்லது ‘வழக்குப்பெயர்’, கட்டடக் கலையில் ‘மரபுக் கட்டடம்’, மொழியியலில் ‘இயல்புப் பேச்சு’, வரலாற்றில் காலனிய அரசின் ஆவணத்தைப் பெயர்க்கும்போது ‘நாட்டுமொழி’ என வழங்கலாம். இன்றைய நம் பள்ளிகளைக் குறிக்கும்போது ‘தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி’ என்ற சட்டப்பெயரோ, ‘தமிழ்ப்பள்ளி’ என்ற எளிய பெயரோ போதும். பழைய ஆவணத்தில் ‘வெர்னாகுலர்’ என்றிருந்தால் அதனை மறைக்காமல் அவ்வாறே காட்டி, அன்று அது யாரையெல்லாம் குறித்தது என்பதையும் விளக்குதல் வேண்டும். மலாயும் ஒருகாலத்தில் அவ்வரிசையில் நின்றது என்று அறியும் மாணவர், இச்சொல்லைக் கேட்டுச் சினம் கொள்ளவும் வேண்டியதில்லை, தலைகுனியவும் வேண்டியதில்லை. பிற இன நண்பருடன் அமைதியாக உரையாடுவதற்குரிய ஒரு பொது வரலாறு அவருக்குக் கிடைக்கிறது.

‘வெர்னா’ வீட்டில் பிறந்தான். வீடு அவனுக்கு உரிமையாகவில்லை. அவன் பெயரிலிருந்து பிறந்த அடைமொழியைச் சுமந்த மொழிகளுள் ஆங்கிலம் தன் வீட்டுக்கு உரிமை பெற்றது; மலாய் தன் நாட்டின் தேசியமொழியாயிற்று. தமிழ் இந்நாட்டின் சட்டத்தில் கற்கவும் கற்பிக்கவும் உரிமை பெற்ற மொழியாக நிற்கிறது. அவ்வுரிமை ஏட்டில் உள்ளது. அது நாள்தோறும் நடைமுறையாவது, காலையில் மணி அடித்தவுடன் ஆசிரியரும் மாணவரும் தமிழில் பாடத்தைத் தொடங்கும் வகுப்பறைகளில்தான்.